இது யாருடைய கால்வாய்?

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தெருவில் மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்று வையுங்கள். நிருபராகப் போய் நிற்கிறீர்கள். எத்தனை நாளாகத் தேங்கியிருக்கிறது, யார் யார் வீட்டுக்குள் புகுந்திருக்கிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எளிதில் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கால்வாய் யாருடையது? மாநகராட்சியைக் கேட்டால் நெடுஞ்சாலைத் துறையைக் காட்டுவார்கள். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள், தண்டவாளத்துக்கு அடியில் போகிற பகுதி ரயில்வேயுடையது என்பார்கள். ஏரியிலிருந்து வரும் போக்குக் கால்வாய் என்றால் நீர்வளத் துறை. ஊராட்சி எல்லைக்குள் போய்விட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகம். சேலையூர்ப் பக்கம் போனால் விமானப் படை நிலையத்தின் மதில் குறுக்கே வரும்.

சென்னையின் தென்புறநகரில் செய்தி சேகரிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதுதான். பல வருடமாக நான் செய்துவரும் வேலை இது. இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல், தொடர்பியல் துறையில். "அரசுப் பல்கலைக்கழகத்துல படிச்சு உங்களுக்கு என்ன கெடைச்சுது, மேடம்?" என்று இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேமரா, ஸ்டுடியோ, வளாக நேர்முகம் எல்லாம் உள்ள தனியார் கல்லூரிகளின் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. பதிலைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பத்திரிகைத் தொழிலை வகுப்பறையில் கற்றுக்கொடுக்கும் முதல் முயற்சியே நம் தென்சென்னையில் நடந்ததுதான். 1920-இல் அன்னி பெசன்ட் அம்மையார் அடையாறில் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பாடத்தைத் தொடங்கினார். மாணவர்கள் கைப்பழக்கத்துக்கு அவருடைய 'நியூ இந்தியா' நாளிதழுக்குப் போனார்கள். அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1908-இலேயே இதற்கென்று ஒரு பள்ளியைத் திறந்திருந்தது. அடையாறு முயற்சி நிலைக்கவில்லை. பிறகு 1941-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம், 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகம். சுதந்திரம் வந்த அதே வருடத்தில், பத்திரிகைக்காரரை உருவாக்குவதும் பொதுப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று இந்த ஊரில் முடிவெடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

நான் சேர்ந்தது 1990-களின் கடைசியில். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு அப்போது மீட்டர் கேஜ் மின்சார ரயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கா நிலையத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்தால், சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம். அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். என் படிப்புக்கு அவர் யாரிடமும் கடன் கேட்கவில்லை. ஒரு வருடக் கட்டணமும் சீசன் டிக்கெட்டும் அவர் சம்பளத்துக்குள் அடங்கின. பொதுப் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அப்பாவின் கை கடிக்காததால்தான் நான் பத்திரிகை வேலைக்கு வர முடிந்தது. லட்சக்கணக்கில் கட்டிப் படித்த பெண்ணைத் தாம்பரம் நகராட்சி அலுவலக வாசலில் நின்று செய்தி சேகரிக்கும் சம்பளத்துக்கு எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

வகுப்பில் வந்தவாசி, பரமக்குடி, நாகர்கோவில் என்று பல ஊர்ப் பிள்ளைகள் இருந்தோம். பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். மதியம் மரத்தடியில் அதையே தமிழில் எங்களுக்குள் நடத்திக்கொள்வோம். ஹரால்ட் லாஸ்வெல் 1948-இல் வகுத்த சூத்திரம் முதல் வாரத்திலேயே வந்துவிடும்: யார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். யுனெஸ்கோவுக்காக ஷான் மெக்பிரைட் தலைமையிலான குழு 1980-இல் தந்த அறிக்கையையும் படித்தோம். பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்குச் செய்தி ஒரே திசையில் பாய்கிறது என்ற அதன் மையக் குற்றச்சாட்டைப் படித்தபோது எனக்கு லண்டனும் நியூயார்க்கும் நினைவுக்கு வரவில்லை. மவுண்ட் ரோடும் தாம்பரமும்தான் வந்தன. நகரத்துப் பத்திரிகையில் எங்கள் ஊர் வரவேண்டுமென்றால் விபத்து நடக்க வேண்டும், அல்லது வெள்ளம் வர வேண்டும்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் ஒரு பயிற்சி வைப்பார். ஏதாவது ஒரு துறையின் செய்திக் குறிப்பை எடுத்து வருவார். 'தூர்வாரும் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன. ஆக்கிரமிப்புகள் அகற்றப்படும். உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' நாங்கள் சிவப்பு மசியில் ஒவ்வொரு வினைக்கும் மேலே 'யார்?' என்று எழுத வேண்டும். பிறகு அந்த 'யார்'களுக்கெல்லாம் பதில் தேடிக் கொண்டுவர வேண்டும்: பெயர் வேண்டாம், பதவி போதும். உதவிப் பொறியாளரா, செயற்பொறியாளரா, சுகாதார ஆய்வாளரா? ஒரு குறிப்புக்கே ஒரு வாரம் அலைவோம். பாதிப் பேர் திட்டிக்கொண்டே போவார்கள். அந்த ஒரு பயிற்சியை வைத்துத்தான் இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன். 'அதிகாரிகள் தெரிவித்தனர்' என்று என் செய்தியில் எழுதக் கை கூசும். எந்த அதிகாரி?

பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றும் அங்கே கிடைத்தது. என்னோடு படித்த வந்தவாசிப் பெண்ணின் அப்பா கிராமத்தில் தலையாரி. விடுமுறைக்குப் போய்த் திரும்பியவள், கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடுகளிலிருந்து சில பக்கங்களைக் கையால் பார்த்தெழுதிக் கொண்டுவந்திருந்தாள். விடுதிப் படிக்கட்டில் அதை விரித்து வைத்து எங்களுக்குப் பாடம் நடத்தினாள். "இங்க பாருங்கடி, இதுதான் அ-பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி. அரசா, ரயத்துவாரியா? புஞ்சையா, நஞ்சையா, புறம்போக்கா? பரப்பு ஹெக்டேர்ல இருக்கும். பட்டாதாரர் பேரு. கடைசிக் கட்டம் குறிப்பு. எல்லாரும் பேரைத்தான் பார்ப்பாங்க. நீங்க குறிப்பைப் பாருங்க." குறிப்புக் கட்டத்தில் ஏரி, கால்வாய், பாதை, மேய்க்கால், சுடுகாடு என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருக்கும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் எங்கெங்கே எது மாறியது என்று பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பதையும் அவளே சொல்லித் தந்தாள்.

பெரிய சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இது நடந்திருக்காது. அரசு இயந்திரத்தைக் கீழிருந்து பார்த்த வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் பொதுப் பல்கலைக்கழகம்தான். ஒருத்தியின் அம்மா அங்கன்வாடிப் பணியாளர். ஒருவனின் அண்ணன் மின்வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ரேஷன் கடையில் இருப்பு எப்படி எழுதுவார்கள் என்பதை எடையாளரின் மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

படிப்பு முடிந்து வந்த தொழில் நிலவரத்தையும் சொல்ல வேண்டும். புறநகர்ச் செய்திக்குப் பெரும்பாலும் பகுதிநேர நிருபர்தான். மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. தீபாவளி மலர் வந்தால் விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வார்கள். திங்கட்கிழமை ஒரு கவுன்சிலரிடம் கால் பக்க விளம்பரம் வாங்கியவர் செவ்வாய்க்கிழமை அதே கவுன்சிலரிடம் கால்வாய்க் கணக்கைக் கேட்க முடியாது. தாம்பரம், பல்லாவரம் பக்கத்துச் செய்திகள் பல வருடம் பிறந்தநாள் விழாவும் அன்னதானமுமாக நிரம்பிக் கிடந்ததற்கு நிருபர்களின் சோம்பல் காரணமில்லை. இந்த ஏற்பாடுதான் காரணம். வட்டாரப் பத்திரிகை தன் காலில் நிற்க முடியாது என்றும் இல்லை. வின்சென்ட் டி சோசா 1994-இல் தொடங்கிய 'மைலாப்பூர் டைம்ஸ்' இலவச வார இதழாகவே ஒரு பேட்டையின் செய்தியை இத்தனை காலம் சொல்லிவந்திருக்கிறது. அங்கே தெருவுக்குத் தெரு விளம்பரம் தரக் கடைகள் இருந்தன. எங்கள் பக்கம் குடியிருப்பு முதலில் வந்தது, கடை பின்னால் வந்தது, சாக்கடை இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

2015 மழையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்து நிருபர் யாரும் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. தொழிலாளர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால் அன்று சென்னையில் 'தி இந்து' அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. கேமராக்கள் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் நின்றன. கேள்வி முழுவதும் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைப் பற்றி. எப்போது திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள், யார் உத்தரவு? நியாயமான கேள்விகள்தான். ஆனால் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நவம்பர் நடுவிலேயே வீடுகள் மூழ்கியிருந்தன. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூருக்குக் கீழே. அப்படியென்றால் முடிச்சூரை மூழ்கடித்தது எந்தத் தண்ணீர்?

கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு நானும் ஒரு புகைப்படக்காரரும் தண்ணீர் வடிந்தபின் ஆற்றை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டு போனோம். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள். ஒவ்வொரு கலங்கலிலும் நின்று, அதிலிருந்து வெளியேறும் கால்வாய் எந்த சர்வே எண்ணில் போகிறது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று குறித்தோம். சில இடத்தில் வரைபடத்தில் அகலமாக இருந்த கால்வாய் தரையில் ஒரு சிமென்ட் குழாயாகச் சுருங்கியிருந்தது. சில இடத்தில் மனைப் பிரிவின் பெயர்ப் பலகை மட்டும் இருந்தது. முடிச்சூரில் ஒரு பாட்டி திண்ணையில் நனைந்த பாயைக் காய வைத்துக்கொண்டே சொன்னார்: "பேரு எழுதிக்கிட்டுப் போறவங்க நெறைய பேரு வந்துட்டாங்க, பாப்பா. இந்தத் தண்ணி எந்தப் பக்கம் போயிருக்கணும்னு ஒருத்தரும் சொல்லல." நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் விரலை வைத்து, "இங்க ஒரு ஓடை இருந்துச்சு, இதுல காணோமே" என்றார். எந்தத் துறையிலும் கிடைக்காத தகவல் அது. பிறகு பழைய வரைபடத்தில் தேடினோம். ஓடை இருந்தது.

முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றோரத்து அண்டை ஊர்கள். 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது முடிச்சூர் செங்கல்பட்டுக்குப் போனது, வரதராஜபுரம் காஞ்சிபுரத்தில் தங்கியது. இப்போது ஒரே வெள்ளத்துக்கு இரண்டு ஆட்சியர் அலுவலகம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. அடுத்த ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரேட் வந்தது. எல்லைகள் ஒவ்வொரு முறை மாறும்போதும் பழைய கோப்பு ஒரு அலுவலகத்திலும் புதிய அதிகாரி இன்னொரு அலுவலகத்திலும் இருப்பார்கள். அந்த இடைவெளியில்தான் எங்கள் செய்திகள் பாதி கிடக்கின்றன.

அங்கே கை வைக்கப் பெரிய ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-இல் வந்தது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு, 30 நாளில் பதில், வராவிட்டால் மேல்முறையீடு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கேட்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. 'ஏன் தூர்வாரவில்லை?' என்று கேட்டால் ஒன்றும் வராது. காரணம் சொல்லச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆவணத்தைக் கேட்க வேண்டும். இன்ன தெருவில் இன்ன வருடம் நடந்த மழைநீர்க் கால்வாய்ப் பணியின் ஒப்பந்தப்புள்ளி நகல், எம்-புக் நகல். எம்-புக் என்பது அளவுப் புத்தகம். வேலை முடிந்ததும் பொறியாளர் நீளம், அகலம், ஆழம் அளந்து அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். எந்தத் துறையின் எம்-புக்கில் அந்தக் கால்வாய் இருக்கிறதோ, அந்தத் துறை அதற்குக் காசு செலவழித்திருக்கிறது. அதன்பின் 'எங்களுடையது இல்லை' என்று அவர்கள் சொல்ல முடியாது. நகல் கையில் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நாமே அளந்து பார்க்கலாம்.

ஒருமுறை கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும், "என்னம்மா, பட்டா மாறுதலுக்கா?" என்றார். "இல்லீங்க ஐயா, ஏரிக்கு" என்றேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார். ஏரிக்காகப் பதிவேடு பார்க்க வருபவர்கள் அவ்வளவு குறைவு.

இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். போனிலேயே படமெடுத்து, வெட்டி, குரல் சேர்த்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றி ஒரு மணி நேரத்தில் அழகான வீடியோ தருகிறார்கள். அ-பதிவேட்டையும் நில அளவைப் புலப்படத்தையும் பார்க்க எங்களைப் போல அலைய வேண்டியதில்லை. வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். ஆனால் அதைத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 கடைசியில் திறந்தபோது வந்த வீடியோக்களை எண்ண முடியாது. அந்த வட்டாரத்து மழைநீர் எங்கே போகிறது என்று வரைபடத்தோடு வந்தவள் ஒரே ஒருத்தி. அவள் சேப்பாக்கத்து மாணவி. அவளிடம் யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன். "எங்க அப்பா சர்வேயர் ஆபீஸ்ல சங்கிலி புடிக்கிறவரா இருந்தாரு, மேடம்" என்றாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் இன்றைய நிலை எனக்குக் கவலையாக இருக்கிறது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அந்த நாற்காலி நெடுநாள் காலியாகவே கிடந்தது. 2024 தொடக்கத்தில் வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திண்டாட்டம் வந்தது. 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். துணைவேந்தர் நியமனம் தொடர்பாக ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த வழக்கை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அந்த இழுபறியில் ஒரு தலையாரியின் மகளுக்கு எந்த வகுப்பு நடக்காமல் போனது என்று எழுதியவர்கள் குறைவு. ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் முதலில் நின்றுபோவது வெளியே அழைத்துப் போகும் பயிற்சிதான். செய்திக் குறிப்பில் சிவப்பு மசியால் எழுத வைக்க ஒருவர் வேண்டும். அதைத் திருத்தவும் ஒருவர் வேண்டும். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் மூன்று பாடத்தை இழுத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

எனக்கு ஒரு யோசனை உண்டு. துறையில் தெரிந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டு. முதுகலை மாணவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று வார்டைப் படிப்பு முடியும்வரை கொடுத்துவிடலாம். மாமன்றக் கூட்டத்துக்குப் போக வேண்டும், தீர்மான நகலை வாங்க வேண்டும், வார்டுக்கு ஒரு நீர்நிலையின் பதிவேட்டை முழுதாகப் படிக்க வேண்டும். பயிற்சி இதழில் அதுதான் செய்தி. சேப்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஒரு மணி நேரப் பயணம், மாணவர் சீசன் டிக்கெட்டில் போய் வரலாம். ஸ்டுடியோ தேவையில்லை, புதிய கட்டடம் தேவையில்லை. நிரந்தர ஆசிரியர் இரண்டு பேர் கூடுதலாக வேண்டும். பதிவேடு படிக்கச் சொல்லித்தர சனிக்கிழமைகளில் நான் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் படித்து இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களிடமும் பேசிவிட்டேன். வந்தவாசிக்காரி ரயில் செலவைக்கூடக் கேட்கவில்லை.